தட்டும் கார்டு: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

பஸ் நெரிசலில் உரசியே பணத்தை உருவிவிடுவார்களா? கார்டு தொலைந்தால் பணம் போனதுதானா? ‘வைஃபை கார்டு’ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

துணிக்கடையில் தீபாவளிக் கூட்டம். கல்லாவில் இருக்கும் பையன் கார்டை வாங்கி மெஷினில் செருகிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “பின் சொல்லுங்க சார்” என்கிறான். பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அவரும் நான்கு எண்களையும் கணீரென்று சொல்கிறார். நம் ஊர்க் கடைகளில் பார்த்துப் பழகிய காட்சிதான். அதே மனிதரிடம், “வைஃபை கார்டுதானே சார், தட்டிடலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஐயோ, அதெல்லாம் வேண்டாம்ப்பா. பின் போடாமலே காசு போயிடுமாமே!” என்று பதறுவார்.

பின் எண்ணை ஊரறியச் சொல்லும்போது வராத பயம், கார்டைத் தட்டும்போது வந்துவிடுகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது முதலாவதற்குத்தான். பின் எண்ணைக் காதில் வாங்கிக்கொண்ட ஒருவர் கையில் அந்தக் கார்டும் சிக்கினால், ஏடிஎம்மில் அன்றைய உச்சவரம்பு வரை எடுத்துவிடலாம். தட்டும் வசதியில் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் பின் இல்லாமல் நகராது. அதற்காகத் தட்டும் கார்டில் ஆபத்தே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஆபத்து உண்டு, வாட்ஸ்அப் வீடியோக்கள் அதைத் தப்பான இடத்தில் காட்டுகின்றன.

அரை விநாடியில் என்ன நடக்கிறது?

கார்டின் முகப்பில் நான்கு வளைகோடுகள் விரிவதுபோல ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்துத்தான் கடைகளில் ‘வைஃபை கார்டு’ என்கிறார்கள். மற்றபடி வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார்டு இணையத்தோடு பேசுவதில்லை. எதிரே இருக்கும் மெஷினோடு மட்டுமே பேசுகிறது. அதற்குப் பயன்படும் தொழில்நுட்பத்தின் பெயர் என்.எஃப்.சி.

பிளாஸ்டிக் அட்டைக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று புதைந்திருக்கிறது. கார்டில் பேட்டரி கிடையாது. மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கார்டை நான்கைந்து சென்டிமீட்டர் நெருக்கத்துக்குக் கொண்டுபோனதும் கம்பிச் சுருளில் சிறு மின்சாரம் பிறந்து, சிப் கண்விழிக்கிறது.

விழித்த சிப்பிடம் மெஷின் சில விவரங்களைக் கொடுக்கிறது. தொகை எவ்வளவு, தேதி என்ன, அந்த நொடியில் மெஷின் தானாக உருவாக்கிய ஓர் எண் ஆகியவை அதில் முக்கியமானவை. சிப் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு, இதுவரை இந்தக் கார்டில் எத்தனை பரிவர்த்தனைகள் நடந்தன என்ற கணக்கையும் சேர்த்து, ஒரு குறியீட்டை உருவாக்கித் தருகிறது. சாவி கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை. குறியீடு மட்டும் வங்கிக்குப் போகிறது. வங்கி அதைச் சரிபார்த்து அனுமதி கொடுக்கிறது.

அந்தக் குறியீடு ஒரு முறைதான் செல்லும். கிழித்த சினிமா டிக்கெட்டைக் காட்டி அடுத்த காட்சிக்குள் நுழைய முடியாதல்லவா? அதைப் போலத்தான், நடுவில் யாராவது அந்தக் குறியீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் இன்னொரு தடவை பணம் எடுக்க அது உதவாது. இவ்வளவும் முடிய அரை விநாடி போதும். மெஷினில் நான்கு விளக்குகளும் எரிந்து ‘பீப்’ சத்தம் வந்தால் கார்டைப் படித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். பணம் போனதற்கான அத்தாட்சி அந்தச் சத்தத்தில் இல்லை. திரையில் வரும் அனுமதியும், சீட்டும், மொபைலுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸும்தான் அத்தாட்சி.

இதற்கு முந்தைய கறுப்புக் காந்தப்பட்டை கார்டுகளின் கதை வேறு. பட்டையில் இருக்கும் தகவல் என்றைக்கும் மாறாது. ஒரு தடவை நகலெடுத்துவிட்டால் அதே போல இன்னொரு கார்டு தயார். 2016 அக்டோபரில் இந்தியாவில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் தகவல்கள் கசிந்திருக்கலாம் என்று தெரியவந்து, வங்கிகள் அவசர அவசரமாகக் கார்டுகளை முடக்கியதும் மாற்றிக் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். காந்தப்பட்டை கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்திருந்தது. தட்டும் வசதி அந்தச் சிப்பின் மேல் கட்டப்பட்டதுதான். தேய்க்கும் கார்டோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு உறுதியானது.

பஸ்ஸில் பிறந்த வசதி

கார்டைத் தட்டிப் பணம் கட்டும் பழக்கம் கடைகளில் தொடங்கவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் தொடங்கியது. 1990-களின் நடுவில் தென்கொரியத் தலைநகர் சியோலில் பஸ் கட்டணத்துக்கு இத்தகைய கார்டு வந்தது. 1997-இல் ஹாங்காங்கில் ‘ஆக்டோபஸ்’ கார்டு அறிமுகமாகி, ரயிலைத் தாண்டிப் பெட்டிக்கடை வரைக்கும் பரவியது. வங்கிக் கார்டில் இந்த வசதி பிரிட்டனுக்கு 2007-இல் வந்தது. லண்டன் பஸ்களில் 2012 டிசம்பரிலும், சுரங்க ரயிலில் 2014 செப்டம்பரிலும் வங்கிக் கார்டைத் தட்டிப் பயணிக்க வழி பிறந்தது. காலை நேர நெரிசலில் ஒவ்வொருவரும் நின்று நின்று போனால் வாசல் அடைத்துக்கொள்ளும். அதனால் அரை விநாடிக்குள் கார்டைப் படித்தாக வேண்டும் என்பது லண்டன் போக்குவரத்து நிர்வாகம் வைத்த நிபந்தனை.

பின் இல்லாமல் எவ்வளவு தொகை வரை விடலாம் என்பதில் பிரிட்டனின் பயணத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். 2007-இல் 10 பவுண்டு. படிப்படியாக ஏறி 2015-இல் 30. கொரோனா வந்ததும் 2020 ஏப்ரலில் 45. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரே தாவலில் 100. மக்களுக்குப் பழக்கம் கூடக் கூட வரம்பும் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

இங்கேயும் அதே கதைதான். 2015 மே மாதம் ரிசர்வ் வங்கி, 2,000 ரூபாய் வரை பின் கேட்காமல் தட்டலாம் என்று அனுமதித்தது. 2021 ஜனவரி 1 முதல் அது 5,000 ஆனது. அதற்கு மேற்பட்ட தொகைக்கும் கார்டைத் தட்டலாம். பின் எண் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் நம் ஊரில் காய்கறிக் கடையிலும் டீக்கடையிலும் தட்டும் மெஷின் கண்ணில் படுவதில்லை. காரணம் யுபிஐ. ஒரு கியூஆர் அட்டையை ஒட்டி வைத்தால் போதும். வியாபாரிக்குக் கட்டணமும் இல்லை. கார்டு மெஷினுக்கு வாடகை உண்டு, கிரெடிட் கார்டு பரிவர்த்தனைக்குக் கமிஷன் உண்டு. அதனால் சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, பெட்ரோல் பங்க், மருத்துவமனை, நகைக்கடை என்று பெரிய இடங்களில்தான் தட்டும் கார்டுக்கு வேலை.

விதிவிலக்கு போக்குவரத்து. நாடு முழுவதும் ஒரே பயண அட்டை என்ற திட்டம் 2019 மார்ச்சில் தொடங்கியது. அதன்படி சென்னை மெட்ரோவில் 2023 ஏப்ரலில் ‘சிங்காரச் சென்னை’ அட்டை வந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளிலும் அது செல்லுபடியானது. சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு இது பெரிய விடுதலை.

இந்தப் பயண அட்டையில் ஒரு நுணுக்கம் உண்டு. பணத்தை முன்கூட்டியே அட்டைக்குள் ஏற்றி வைக்கிறோம். தட்டும்போது வங்கியைக் கேட்காமலே அது கழிந்துவிடும். வேகம் அதனால்தான். ஆனால் அட்டை தொலைந்தால் அதில் ஏற்றி வைத்த தொகையும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தேவைக்கு மேல் ஏற்றாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

உரசித் திருட முடியுமா?

நெரிசலான பஸ்ஸில் ஒருவர் கையில் ஸ்வைப்பிங் மெஷின். முன்னால் நிற்பவரின் பேன்ட் பாக்கெட்டில் மெஷினை ஒட்டுகிறார். ‘பீப்’. பணம் போச்சு! இந்த வீடியோ வராத குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்காது.

ஏட்டளவில் இது முடியாத காரியமில்லை. நடைமுறையில் திருடனுக்கு இதைவிடக் கஷ்டமான தொழில் கிடையாது. முதலில், மெஷின் சும்மா கிடைக்காது. வங்கிக் கணக்கு, பான், வியாபார ஆவணங்கள் எல்லாம் கொடுத்துத்தான் வாங்க முடியும். தட்டிய பணம் அவர் கைக்கு ரொக்கமாக வராது. அடையாளம் சரிபார்க்கப்பட்ட அந்தக் கணக்கில்தான் பிறகு வந்து சேரும். நான்கு பேர் புகார் செய்தால் கணக்கை முடக்கிவிடலாம், ஆளையும் பிடித்துவிடலாம்.

அடுத்தது தூரம். தடித்த பர்ஸ், அதற்குள் நாலைந்து கார்டுகள், சாவிக்கொத்து, மொபைல் எல்லாவற்றையும் தாண்டிச் சில சென்டிமீட்டருக்குள் மெஷின் ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் பெரும்பாலான மெஷின்கள் குழம்பி, ‘ஒரு கார்டை மட்டும் காட்டவும்’ என்று நின்றுவிடும். போதாக்குறைக்கு, அந்த நொடியே கார்டுக்காரரின் மொபைலுக்கு எஸ்எம்எஸ் வந்துவிடும்.

அலைகளைத் தடுக்கும் சிறப்பு பர்ஸ்களை ஆன்லைனில் விற்கிறார்கள். அவை வேலை செய்யும்; அலுமினிய ஃபாயிலும் அதே வேலையைச் செய்யும். ஆனால் பணம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அவசியம் ஒன்றுமில்லை.

ஆய்வாளர்கள் கண்ட ஓட்டைகள்

அப்படியானால் ஓட்டையே இல்லையா? உண்டு. அவற்றில் சிலவற்றைத் திருடர்களுக்கு முன்னால் ஆய்வாளர்களே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

2015-இல் பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான ‘விச்?’, கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவியை வைத்து 10 கார்டுகளைச் சோதித்தது. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் படிக்கக் கிடைத்தன. பின்புறம் அச்சிட்டிருக்கும் சிவிவி எண் கிடைக்கவில்லை. ஆனாலும் சிவிவி கேட்காத ஓர் ஆன்லைன் கடையில், பொய்ப் பெயர் கொடுத்து 3,000 பவுண்டு டிவி ஒன்றை ஆர்டர் செய்துவிட்டார்கள். ஓட்டை தட்டும் வசதியில் பாதி, ஒன்றும் கேட்காமல் விற்ற கடையில் பாதி. இந்திய ஆன்லைன் கடைகளில் ஓடிபி வேண்டும் என்பதால் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. வெளிநாட்டு இணையதளங்கள் பல ஓடிபி கேட்பதில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

2020-இல் சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆண்ட்ராய்டு மொபைல்களை வைத்து விசா கார்டில் பின் எண்ணையே தாண்டிக் காட்டினார்கள். ஒரு மொபைல் கார்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று கடை மெஷினுக்குப் பக்கத்தில். இடையில் போகும் தகவலில் ஒரு சிறு மாற்றம்: ‘ஆளைச் சரிபார்த்தாகிவிட்டது, பின் தேவையில்லை’. வரம்புக்கு மேற்பட்ட தொகையையும் மெஷின் நம்பி ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு அதே குழு மாஸ்டர்கார்டிலும் ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அந்த நிறுவனம் அதை அடைத்தது. 2021-இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூட்டிய ஐபோனில் பயணத்துக்கான விரைவு வசதியும் விசா கார்டும் சேர்ந்திருந்தால் 1,000 பவுண்டு வரை எடுக்க முடிகிறது என்று காட்டினார்கள்.

இவை கெட்டிக்காரத்தனமான சோதனைகள். ஆனால் கவனியுங்கள்: இவற்றில் திருடன் கைக்குக் கார்டோ போனோ வந்திருக்க வேண்டும், அல்லது மிக அருகில் இருக்க வேண்டும்.

2024-இல் செக் நாட்டில் வெளிப்பட்ட மோசடிதான் நமக்கு நல்ல பாடம். வருமானவரித் தொகை திரும்பக் கிடைக்கும் என்பதுபோல எஸ்எம்எஸ் வரும். அதில் இருக்கும் இணைப்பு, வங்கி ஆப் போலவே ஒரு போலி ஆப்பை மொபைலில் இறக்கும். பின் எண்ணைக் கேட்கும். பிறகு, ‘உங்கள் கார்டை மொபைலின் முதுகில் வையுங்கள்’ என்று சொல்லும். வைத்ததும் கார்டின் பேச்சு முழுவதும் எங்கேயோ ஏடிஎம் வாசலில் நிற்கும் திருடனின் மொபைலுக்குப் போகும். அவன் அங்கே தட்டிப் பணம் எடுப்பான். ‘என்கேட்’ என்று பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் பெயர் வைத்த தீநிரலின் வேலை இது. இதன் அடித்தளமாக இருந்தது, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆராய்ச்சிக்காக எழுதிய ஒரு மென்பொருள்.

இங்கே சிப்பின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. கார்டுக்காரரே ஆப்பை இறக்கினார், பின் எண்ணைக் கொடுத்தார், கார்டையும் வைத்தார். ‘பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்று போன் செய்து ஓடிபி வாங்கும் கும்பலுக்கும் இதற்கும் வழி ஒன்றுதான், கருவிதான் புதிது.

பார்க்காமல் விட்ட தொகை

நம் ஊர் நிலைமையில் கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, தொலைந்த கார்டு. கீழே கிடந்ததை எடுத்தவருக்குப் பின் எண் தேவையில்லை. கடைக்குக் கடை 4,900, 4,900 என்று தட்டிக்கொண்டே போகலாம். ஐரோப்பிய யூனியனில் தொடர்ந்து ஐந்து முறை தட்டினாலோ, தட்டிய தொகை மொத்தம் 150 யூரோவைத் தாண்டினாலோ பின் கேட்பது போன்ற கட்டுப்பாட்டை வங்கிகள் வைக்க வேண்டும். இங்கே நாளைக்கு எத்தனை முறை என்பதை முடிவுசெய்யும் பொறுப்பை ரிசர்வ் வங்கி அந்தந்த வங்கியிடம் விட்டிருக்கிறது. கார்டு தொலைந்ததைச் சாயங்காலம்தான் கவனிக்கிறீர்கள் என்றால், காலையிலிருந்து அது யார் கையில் இருந்தது?

இரண்டாவது, திரையைப் பார்க்காத பழக்கம். பின் போடும்போது மெஷின் நம் கைக்கு வருகிறது; தொகை கண்ணில் படுகிறது. தட்டும்போது பல இடங்களில் கார்டையே நாம் தட்டுவதில்லை. கார்டைக் கொடுக்கிறோம், பெட்ரோல் பங்க் ஊழியரோ கவுன்ட்டர்காரரோ தட்டித் திருப்பிக் கொடுக்கிறார். 450 ரூபாய் 4,500 ஆவதற்கு ஒரு பூஜ்ஜியம் போதும். வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. அவசரத்தில் விரல் தவறினாலும் போதும்.

பார்வையற்றவர்களுக்கு இந்த இரண்டாவது சிக்கல் இன்னும் கூர்மையானது. இப்போது வரும் மெஷின்களில் பலவற்றில் பொத்தான்கள் இல்லை, வழவழப்பான தொடுதிரைதான். அதில் பின் எண்ணைத் தடவிப் போட வழியில்லாமல் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டும் வசதி அந்த அவமானத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றுகிறது. அதே சமயம் எவ்வளவு தொகைக்குத் தட்டுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தொகையைப் பேசிச் சொல்லும் மெஷின்கள் கவுன்ட்டர்தோறும் வர வேண்டும். பணம் வந்ததை வியாபாரிக்குச் சத்தமாகச் சொல்லும் பெட்டி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. பணம் கட்டுபவருக்குச் சொல்ல மட்டும் ஏன் வாய் வரவில்லை?

சட்டம் யார் பக்கம்?

பெரும்பாலும் வாடிக்கையாளர் பக்கம், நேரத்தோடு சொன்னால். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாக வகுத்தது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா இழப்பும் கிடையாது. வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாவது இடத்தில் தவறு நடந்து, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தாலும் அப்படியே. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளர் தலையில் விழும் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

பின் எண்ணையோ ஓடிபியையோ நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை ஏற்படும் இழப்பு நம்முடையது. புகார் பதிவான பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையதுதான் என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதே. கார்டு தொலைந்தவர் வீடு முழுக்கத் தேடி முடித்துவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்கக் கூடாததற்குக் காரணம், புகாருக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு என்ற அந்த ஒரு வரிதான்.

கடையில் ‘ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு வாட்டி தட்டுங்க’ என்பார்கள். எஸ்எம்எஸ் பார்க்காமல் தட்டாதீர்கள். கணக்கிலிருந்து பணம் போய், கடைக்கு உறுதி வராமல் போயிருந்தால், 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்பி வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இது.

செய்ய வேண்டியவை

1. வங்கி ஆப்பில் ‘கார்டு கட்டுப்பாடு’ பகுதிக்குப் போங்கள். உள்நாடு, வெளிநாடு, ஏடிஎம், கடை, ஆன்லைன், தட்டும் வசதி என்று தனித்தனி ஸ்விட்ச்கள் இருக்கும். 2020-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவால் வந்த உரிமை இது. தேவையில்லாததை அணையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில்.

2. தட்டும் வசதிக்கு உங்கள் வரம்பை நீங்களே வையுங்கள். 5,000 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்சம். உங்களுக்கு 1,000 போதும் என்றால் 1,000 வையுங்கள்.

3. கார்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். திரையில் தொகையைப் பார்த்து, நீங்களே தட்டுங்கள். பர்ஸோடு சேர்த்துத் தட்டாமல், கார்டை வெளியே எடுத்துத் தட்டுங்கள்.

4. பின் போட வேண்டி வந்தால் மெஷினை வாங்கி, கையால் மறைத்துப் போடுங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

5. பெரிய தொகை இருக்கும் சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டில் தட்டும் வசதி வேண்டாம். சிறு செலவுக்கென்று தனிக் கணக்கு வைத்து, அதன் கார்டைத் தட்டுங்கள்.

6. கார்டு காணவில்லையா? தேடுவது இரண்டாவது வேலை. முதலில் ஆப்பிலோ வங்கியின் உதவி எண்ணிலோ கார்டை முடக்குங்கள். பணம் போயிருந்தால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930. வங்கி 30 நாட்களில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்த உதவி எண் 14448.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வரும் கார்டில் தட்டும் வசதி அணைந்தே வர வேண்டும் என்பது விதி. அதை ஏற்றும்போது வாடிக்கையாளருக்குத் தெரியும் மொழியில், இந்த வசதியால் என்ன ஆகும், கார்டு தொலைந்தால் எவ்வளவு போகலாம் என்று நான்கு வரியில் சொல்லிவிட்டு வரம்பைக் கேட்க வேண்டும். கிராமத்துக் கிளையில் பென்ஷன் வாங்கும் பெரியவருக்கு ஆங்கில எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பது நியாயமில்லை.

தட்டும் கார்டு பாதுகாப்பானதுதான். பட்டையைத் தேய்ப்பதைவிட, பின் எண்ணைக் கூட்டத்தில் சொல்வதைவிட நிச்சயமாகப் பாதுகாப்பானது. ஆனால் பின் இல்லாமல் எவ்வளவு போகலாம் என்று முடிவு செய்ய வேண்டியது, கார்டைக் கொடுத்த வங்கியோ தட்டுகிற கடைக்காரரோ இல்லை. நீங்கள்தான். அந்த வரம்பை இன்றைக்கே உங்கள் ஆப்பில் பதிவு செய்யுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களின் கார்டுக்கும் சேர்த்துச் செய்துகொடுங்கள்.